சென்னையில் முதல் புயலைச் சந்திக்கும் குடும்பங்களுக்கு: எந்த நேரத்துக்குள் எதை முடிக்க வேண்டும்

2023 ஜூனில் சேலத்திலிருந்து மடிப்பாக்கத்துக்குக் குடிவந்தோம். தரைத்தளம், இரண்டு படுக்கையறை. நான், என் கணவர், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் மாமனார் என்று நான்கு பேர். டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை இரவு மிக்ஜாம் புயலின் மழை பிடித்தது. திங்கட்கிழமை விடியும் முன்பே வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வியாழக்கிழமைதான் கரன்ட் வந்தது.

மழை கொட்டும் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கடைசி நேரம் உண்டு, அது தாண்டினால் பணம் இருந்தாலும் ஆள் இருந்தாலும் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது தெரியவில்லை. வெளியூரிலிருந்து வந்து சென்னையில் முதல் மழைக்காலத்தைப் பார்க்கப்போகிறவர்களுக்காக, எங்களுக்குத் தவறியவற்றை நேர வரிசையில் எழுதுகிறேன்.

1. புயல் எங்கே கரையைக் கடக்கிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். வானிலை மையம் முதலில் 'காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' என்று சொல்லும். அது தாழ்வு மண்டலமாகி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டதும் புயல் என்று பெயர் வைப்பார்கள். தாழ்வுப் பகுதி என்ற செய்தி வந்த அன்றே கீழே உள்ள வேலைகளைத் தொடங்கிவிடுங்கள். பெயர் வைக்கும்வரை காத்திருந்தால் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும்.

நாங்கள் ஏமாந்தது இங்கேதான். "புயல் ஆந்திராவுக்குப் போகுது" என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். மிக்ஜாம் கரையைக் கடந்தது டிசம்பர் 5 அன்று பாபட்லா அருகில். ஆனால் போகிற வழியில் சென்னைக் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தது. அந்த மெதுவான நடைதான் நகரத்தை மூழ்கடித்தது. அதற்கு நேர் எதிர், 2016 டிசம்பர் 12 அன்று சென்னையிலேயே கரையைக் கடந்த வர்தா. அப்போது சேதம் பெரும்பாலும் காற்றால். ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன, பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆகவே செய்தியில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகத் தேடுங்கள்: காற்று எவ்வளவு, மழை எவ்வளவு. மழைக்கு ரெட் அலர்ட் என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று பொருள். தரைத்தளத்தில் இருப்பவருக்கு அந்த ஒரு வரி போதும்.

2. உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டுவையுங்கள்

இதை வீடு பார்க்கும்போதே கேட்க வேண்டும். நாங்கள் தரகரிடம் கேட்டோம். "இங்கெல்லாம் தண்ணியே நிக்காதுங்க" என்றார். கேட்க வேண்டியது தரகரை அல்ல. தெருமுனை மளிகைக் கடைக்காரர், இஸ்திரி போடுபவர், பத்து வருடமாக அங்கேயே இருக்கும் எதிர்வீட்டு அம்மா ஆகியோரிடம் கேளுங்கள். "2015-ல எதுவரைக்கும் வந்துச்சு? 2023-ல எதுவரைக்கும்?" என்று பெருவெள்ளம் வந்த ஆண்டைச் சொல்லிக் கேட்டால் கையால் காட்டுவார்கள். காம்பவுண்டுச் சுவரில் பழைய நீர்க்கறை இன்னும் இருக்கும், பாருங்கள்.

வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கம் என்றால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம்தான் கணக்கு. அந்தத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். கடல் உயர்ந்திருந்தால் வாங்காது. அதனால்தான் மழை நின்ற பிறகும் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது. முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்றால் அடையாற்றைப் பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து எவ்வளவு திறக்கிறார்கள் என்ற செய்தியை விடாதீர்கள். ஏரியின் முழு உயரம் 24 அடி. அதை நெருங்கும்போது உபரிநீர் திறப்பு அறிவிப்பு வரும்.

3. காகிதங்கள் (இதை இந்த வாரமே முடியுங்கள்)

எங்கள் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு பச்சை ரெக்சின் பை. அதில் சேலம் வீட்டுக் கிரயப் பத்திரம், என் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், கணவரின் பட்டச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ். 'பத்திரமாக இருக்கட்டும்' என்று அடியில் வைத்தது நான்தான். மூன்றாம் நாள் பையைத் திறந்தபோது கிரயப் பத்திரத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அட்டையாகக் கனத்தன. ஓரத்தில் சப்-ரிஜிஸ்ட்ரார் முத்திரையின் ஊதா மை கரைந்து அடுத்த பக்கத்தில் பூப்போலப் படிந்திருந்தது. பதற்றத்தில் ஒரு தாளை உரித்தேன். பாதி என் கையோடு வந்தது.

முதலில் பட்டியல். ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், கேஸ் புத்தகம், வாடகை ஒப்பந்தம், வண்டியின் ஆர்சி, வண்டி மற்றும் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள், சொத்துப் பத்திரம், படிப்புச் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், வீட்டில் உள்ளவர்களின் மருந்துச் சீட்டு. இவை அனைத்தையும் போனில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். உங்கள் போனே நனைந்துவிட்டால் அதில் மட்டும் இருக்கும் படத்தால் என்ன பயன்? ஆதார், ஓட்டுநர் உரிமம், ஆர்சி மூன்றையும் டிஜிலாக்கர் என்ற அரசுச் செயலியில் ஏற்றிவைக்கலாம், செலவில்லை.

அசல்களை ஜிப் வைத்த கெட்டி பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, அதை இன்னொரு உறையில் போடுங்கள். மொத்தத்தையும் தோளில் மாட்டும் பையில் வைத்து, லாஃப்டில் அல்லது பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். உறைகளுக்கு எனக்கு ஆன செலவு 180 ரூபாய். லேமினேஷன் செய்தாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஓரம் விட்டுப்போனால் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே வர வழியில்லாமல் எழுத்தைத் தின்றுவிடும்.

ஏற்கெனவே நனைந்துவிட்டால் உரிக்கவும் வேண்டாம், வெயிலில் போடவும் வேண்டாம். கட்டாகவே வெள்ளைத் துணியின் மேல் நிழலில் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். தானாகப் பிரியும் தாள்களுக்கு நடுவே மட்டும் எழுத்து அச்சாகாத வெள்ளைத்தாளை வைத்து, நனைய நனைய மாற்றுங்கள். எங்களுக்கு நான்கு நாள் ஆனது.

போனவற்றை மீட்க: கிரயப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல், பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும், பதிவுத்துறை இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆவண எண்ணும் ஆண்டும் கேட்பார்கள். அந்த இரண்டையும் இப்போதே ஒரு சீட்டில் குறித்துவையுங்கள். எனக்கு அது தெரியாமல் வில்லங்கச் சான்று போட்டுத்தான் கண்டுபிடித்தேன். மதிப்பெண் சான்றிதழின் இரண்டாம்படிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று படித்த பள்ளியில் கேளுங்கள். சென்னை மாநகராட்சியில் பதிவான பிறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 2023 டிசம்பரில் வெள்ளத்தில் ஆவணம் இழந்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. பெரிய வெள்ளத்துக்குப் பிறகு அந்த மாதிரி அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள், அலைச்சலும் கட்டணமும் மிச்சமாகும்.

4. இரண்டு நாள் முன்பு: வாங்க வேண்டியவை

குடிதண்ணீர் கேன் ஆளுக்கு ஒன்று. சாதாரண நாளில் 35, 40 ரூபாய். வெள்ளத்தின் இரண்டாம் நாள் எங்கள் தெருவில் ஒரு கேன் 150 ரூபாய்க்குப் போனது. பால் பாக்கெட் தேடி என் கணவர் இடுப்பளவுத் தண்ணீரில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தார், கிடைக்கவில்லை. ஆகவே பால்பவுடர். அரிசி பருப்பு எல்லா வீட்டிலும் இருக்கும், அடுப்பு எரியாவிட்டால் அவை உதவாது. அவல், ரொட்டி, வேர்க்கடலை, பேரீச்சை, வாழைப்பழம், வறுத்த ரவை இவைதான் எங்களைக் காப்பாற்றின. வெந்நீர் கிடைத்தால் ரவையும் அவலும் சாப்பாடாகிவிடும்.

பணம் கையில் இருக்கட்டும், ஐம்பதும் நூறுமாக 3,000 ரூபாயாவது. டவர் போனால் ஜிபே இல்லை, கரன்ட் போனால் ஏடிஎம் இல்லை. பவர்பேங்க் இரண்டு, டார்ச், பேட்டரி, கொசுவத்தி, நாப்கின், குளோரின் மாத்திரை, பத்து நாளுக்கான மருந்து. எல்லாம் சேர்ந்து எங்கள் இப்போதைய கணக்கு சுமார் 2,500 ரூபாய், பவர்பேங்கும் கையில் வைக்கும் பணமும் தவிர.

இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு புது மண்பானை வாங்குங்கள். ஃபிரிட்ஜ் நின்றதும் மாமா பயந்துபோனார். எதிர்வீட்டு அம்மாதான் சொல்லிக்கொடுத்தார்: பானைக்குள் ஈரமணல், அதில் ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்தில் ஜிப் உறைக்குள் இன்சுலின், மேலே ஈரத்துணி. மருந்தில் தண்ணீர் படக்கூடாது. பிரித்துப் பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின், வெயில் படாத அறையில் பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும் என்பதை டாக்டரும் பின்னர் உறுதிப்படுத்தினார். உங்கள் மருந்துக்கு அது பொருந்துமா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

5. வண்டி

ரெட் அலர்ட் வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நிற்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2015-ல் பட்டவர்கள் அவர்கள். மேட்டில் தெரிந்தவர் வீடு, அடுக்குமாடி வாகன நிறுத்துமிடம் எதையாவது முன்னரே பேசிவையுங்கள்.

உங்கள் பாலிசி மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. முழுக் காப்பீடு இருந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் உடைந்தால், எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை இல்லாதவரை பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு அண்ணா செவ்வாய்க்கிழமை காலை 'ஒருதடவை பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பினார். ஒரே ஒரு 'டக்' சத்தம். அதோடு எஞ்சின் போயிற்று. சாவியைத் தொடாமல் பேட்டரி இணைப்பைக் கழற்றி, படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

6. இருப்பதா, போவதா: முடிவு மாலை 4 மணிக்குள்

மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். தரைத்தளம், கூரை வீடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி, பழைய பெரிய மரத்தடி வீடு இவற்றில் இருந்தால், ரெட் அலர்ட் அன்று மாலைக்குள் கிளம்பிவிடுங்கள். இருட்டியபின் தெருவில் மூடி இல்லாத மழைநீர் வடிகால் எங்கே என்று தெரியாது. எந்தக் கம்பி அறுந்து கிடக்கிறது என்றும் தெரியாது. நாங்கள் ஞாயிறு மாலை "ராத்திரி பாத்துக்கலாம்" என்றோம். அதிகாலை மூன்றரை மணிக்குத் தண்ணீருக்குள் மாமாவைத் தோளில் சாய்த்து மாடிப்படி ஏற்றினோம்.

மேல்மாடிக் குடும்பத்துடன் முன்னரே பேசுங்கள். கூச்சம் வேண்டாம். "மழை அதிகமானா நாங்க நாலு பேரும் மேல வரலாமா?" என்று நேராகக் கேளுங்கள். எங்கள் மேல்வீட்டுத் தம்பதியிடம் ஆறு மாதமாகப் புன்னகையோடு சரி. அன்று கதவைத் தட்டும் முன்பே அந்த அக்கா டார்ச்சோடு படியில் நின்றார். "எதையும் எடுக்காதீங்க, ஆளுங்க மொதல்ல மேல வாங்க" என்றார்.

மேல்மாடி இல்லாதவர்களுக்கு மாநகராட்சிப் பள்ளிகளிலும் சமூகநலக்கூடங்களிலும் நிவாரண மையம் திறப்பார்கள். மாநகராட்சி உதவி எண் 1913. மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, ஆம்புலன்ஸ் 108, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987, கேஸ் கசிவுக்கு 1906. காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

7. அந்த இரவு

மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். குளிக்கத் தண்ணீர் கிடைக்கும், காலித்தொட்டி காற்றில் பறக்கவும் செய்யாது. மாடியில் பூந்தொட்டி, கொடிக்கம்பி, தளர்ந்த ஷீட் எதுவும் இருக்கக்கூடாது. இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் மேசைமேல் ஏற்ற எலக்ட்ரீஷியனை முந்தைய நாளே கூப்பிடுங்கள், எங்களிடம் 400 ரூபாய் வாங்கினார். கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். தண்ணீர் தெருவில் ஏறத் தொடங்கியதும், வீட்டுக்குள் வரும் முன்பே, மெயின் சுவிட்சை அணையுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது.

நாங்கள் வாசற்படியில் கோணிச்சாக்கு அடுக்கிவிட்டுத் தைரியமாகப் படுத்தோம். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறையில் குளுக் குளுக்கென்று சத்தம் கேட்டு மகள்தான் எழுப்பினாள். டார்ச் அடித்தால் தரைச்சல்லடை வழியாகக் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து ஏறுகிறது, கூடவே கரப்பான்பூச்சிகள். சாக்கடை நிறைந்தால் முதலில் திரும்பி வருவது தாழ்ந்த வீட்டின் கழிவறையில்தான். கெட்டி பிளாஸ்டிக் பைகளில் மணல் நிரப்பி முடிச்சிட்டு, கழிவறைக் கோப்பையிலும் ஒவ்வொரு சல்லடைமேலும் அழுத்தி வையுங்கள். முழுதாக நிறுத்தாது, ஆனால் சாமானை ஏற்ற ஒரு மணிநேரம் கிடைக்கும்.

காற்றுப் புயல் என்றால் ஜன்னல் இல்லாத உள்ளறையில் எல்லோரும் ஒன்றாக இருங்கள். திடீரென்று காற்று அடங்கினால் கதவைத் திறக்காதீர்கள். புயலின் கண் தலைக்கு மேல் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். என் மகளுக்குப் படிக்கட்டில் எத்தனை படி முங்கியது என்று அரைமணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதும் வேலை. பயம் குறைந்தது. தண்ணீர் எப்போது வடியத் தொடங்கியது என்பதையும் அந்த நோட்டுதான் எங்களுக்குக் காட்டியது.

8. தண்ணீர் வடிந்ததும்: முதலில் படம், பிறகு துடைப்பம்

வீட்டைப் பார்த்ததும் கழுவத்தான் கை போகும். பொறுங்கள். சுவரில் நீர்க்கோட்டின் அருகே அளவுநாடா வைத்து ஒரு படம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு வீடியோ. ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின், டிவி ஒவ்வொன்றின் பின்புறத்திலும் வரிசை எண் இருக்கும் வில்லை, அதற்கும் படம். இதற்கு இருபது நிமிடம் போதும்.

சுவரும் பிளக்பாயின்ட்டும் காயாமல் மெயினைப் போடாதீர்கள். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும். அந்த வாரம் ஆள் கிடைக்க எங்களுக்கு இரண்டு நாள், கூலி 1,200. சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்திருந்தால் முழுவதும் இறைத்து, சேற்றை அள்ளி, பிளீச்சிங் பவுடரால் கழுவி, புதுத்தண்ணீர் விடும்வரை அதில் பல்கூட விளக்க வேண்டாம். காலில் வெட்டுக்காயத்தோடு வெள்ளநீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் அரசு மருத்துவமனையில் 'வெள்ளத்தில் நடந்தேன்' என்று சொல்லியே காட்டுங்கள்.

9. நிவாரணமும் காப்பீடும்

மிக்ஜாமுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடை வழியாக ரொக்கமாகக் கொடுத்தார்கள். அதற்கு முதல் ஆதாரம் அந்தப் பகுதிக் குடும்ப அட்டை. எங்கள் அட்டை சேலத்து முகவரியில் இருந்தது. 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று ஆறு மாதம் விட்டுவிட்டோம். டோக்கன் வரவில்லை. வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது, ஆதார் நகல் வைத்து விண்ணப்பம் எழுதி, வரிசையில் இரண்டு நாள் நின்று கொடுத்தோம். கடைசிவரை எங்களுக்குப் பணம் வரவில்லை. புதிதாக வந்தவர்களே, குடும்ப அட்டை முகவரியை உணவுப்பொருள் வழங்கல் துறை இணையதளத்தில் இப்போதே மாற்றுங்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் செய்தால் சேவைக் கட்டணம் மட்டும்.

வாடகை வீட்டுக்காரர்களும் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாம். பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுப் பாலிசி 2021 முதல் இருக்கிறது, புயலும் வெள்ளமும் அதில் அடங்கும். செப்டம்பர் முடியும் முன் எடுத்துவிடுங்கள். சேதம் ஏற்பட்டால் அன்றே போனிலும் மின்னஞ்சலிலும் தெரிவித்து, புகார் எண் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கும்வரை கெட்டுப்போன பொருளைக் குப்பைவண்டிக்குக் கொடுக்காதீர்கள். நாற்றம் தாங்காவிட்டால் மாடியில் வையுங்கள். காரணமில்லாமல் இழுத்தடித்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணில் புகார் செய்யலாம்.

வீட்டு உரிமையாளரிடம் பேச வேண்டியது ஒன்று மிச்சம். சுவர்ப்பூச்சும் மோட்டாரும் ஒயரிங்கும் யார் செலவு என்பது எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை. பெயின்ட் செலவு 14,000 ரூபாயை அட்வான்ஸில் கழிக்கப் பார்த்தார். நீர்க்கோட்டுப் படங்களைக் காட்டி, இரண்டு வாரம் பேசி, பாதியாகக் குறைத்தோம். அடுத்த பதினோரு மாத ஒப்பந்தத்தில் 'வெள்ளத்தால் கட்டடத்துக்கு ஏற்படும் சேதம் உரிமையாளர் பொறுப்பு' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். இந்த முறை முதல் மாடி, வாடகை மாதம் 2,500 கூடுதல்.